துடிக்கும் பேரொளி
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



எக்ஸ் கதிர்களை வாரிச் சொரியும் விண்பொருள் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

சப்தரிஷி மண்டலத்தின் திசையில், 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், எம் 82 என்னும் அண்டம் உள்ளது. அங்குள்ள எக்ஸ்-2 என்னும் பொருள் ஒரு கோடி ஞாயிறுகளுக்கு நிகரான ஆற்றலை வீசவல்லது.

இவ்வொளி எவ்வாறு பிறக்கிறது? அண்டையிலுள்ள விண்மீனின் வாயு, ஈர்ப்பினால் உள்ளே விழுந்து, வெப்பமுற்று ஒளிர்கிறது. அவ்வொளியோ, விழும் வாயுவை வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் அளவே எடிங்டன் வரம்பு. எடை மிகுந்தால் வரம்பும் உயரும். ஆகவே, இத்துணைப் பேரொளி வீசுவது பெருங் கருந்துளையாகவே இருத்தல் வேண்டும் என்று அறிஞர் பலர் கருதினர்.

2014 ஜனவரியில் அவ்வண்டத்தில் விண்மீன் வெடிப்பு ஒன்று புலப்பட்டது. அதனைக் காண அமெரிக்காவின் நூஸ்டார் தொலைநோக்கி திரும்பிற்று. அப்போது, எக்ஸ்-2இன் ஒளி 1.37 விநாடிக்கு ஒரு முறை கூடிக் குறைவதைப் பக்கெட்டி தலைமையிலான குழுவினர் கண்டனர். நாடி போன்ற இவ்வொழுங்கு, திடமான மேற்பரப்பற்ற கருந்துளைக்கு இயலாது. சுழலும் நியூட்ரான் விண்மீனுக்கே இயலும். ஒரு நகரத்தின் அகலமே உடைய அப்பொருள், தன் வரம்பைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு ஒளிர்கிறது! கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

என்ஜிசி 5907 என்னும் அண்டத்திலும் இத்தகைய ஒன்று உண்டு. அதன் துடிப்பு 2003இல் 1.43 விநாடி; 2014இல் 1.13 விநாடி. விழும் வாயு அதனை மேலும் விரைந்து சுழற்றுகிறது. வரம்பு மீறுதலுக்கு வலிய காந்தப்புலமே காரணம் என்பாரும், ஒளி ஒருபுறம் குவிகிறது என்பாரும் உளர்.

நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கடல் கடந்தவர் சந்திரசேகர். ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ள வெண்குறு விண்மீன் நிலைத்து நில்லாது என்பது அவர் முடிவு. 1935இல் எடிங்டனே அதனை எள்ளி மறுத்தார். முடிவு நிலைத்தது, 1983இல் நோபெல் பரிசும் வந்தது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஒளியின் மிகுதியை மட்டும் கொண்டு பொருளை எடையிட்டது போதவில்லை. அது மாறும் முறையைப் பொறுமையுடன் நோக்கியபோதே உண்மை வெளிப்பட்டது. அப்பொறுமை நம் இளைஞர்க்கும் வாய்ப்பதாக!