நீந்துவோம், மிதிப்போம், ஓடுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு கடன், வட்டி, தணிக்கை எதுவும் பேசப் போவதில்லை. ட்ரையத்லான் என்ற விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. 1974-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கிய இந்தப் போட்டி, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது.

"இதெல்லாம் வயசுப் பிள்ளைங்களுக்குத்தானே?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மடோனா பூடர் என்று ஒரு கன்னியாஸ்திரி. 48 வயதில்தான் ஓடவே ஆரம்பித்தார். 52 வயதில் முதல் ட்ரையத்லான். 2012-ல், 82 வயதில், 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42 கிலோமீட்டர் ஓடி முடித்தார்.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பொம்பளை சைக்கிள் ஓட்டறதா என்று கேலி பேசிய ஊர்களிலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? சிறிய போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதை முதல் நாளே செய்ய வேண்டாம். சேமிப்பு மாதிரி சிறுகச் சிறுகத்தான்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அளவு பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. மருத்துவர் சொன்ன பிறகே ஓட்டம்.

ஓட்டத்தை நடையிலிருந்து தொடங்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

சைக்கிளுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிகிற உயரத்தில் சீட்டை வையுங்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், சக்கரத்தில் மாட்டிவிடும். தலைக்கவசம் கட்டாயம். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் கல்லு மாதிரி கனக்கும். அதனால் வாரம் ஒருநாள் மிதித்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள்.

நீச்சல்தான் முக்கியம். களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து, அதனால்தான் போட்டியில் அது முதலில் வருகிறது. தண்ணீருக்குள் மூச்சை விடவும், தலையைத் திருப்பி மூச்சை இழுக்கவும் முதலில் பழக வேண்டும். பல மாவட்டத் தலைநகரங்களின் விளையாட்டரங்கில் நீச்சல் குளம் உண்டு, அங்கே பயிற்சியாளரிடம் கற்பதே நல்லது. ஊர்க் கிணற்றிலோ ஏரியிலோ தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

சகோதரிகளே, கோடை விடுமுறை வந்தால் குளத்திலும் குவாரியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்தி வருகிறது. கரையில் நிற்கும் தாய்க்கும் நீச்சல் தெரிவதில்லை. பதறி அவளும் குதித்தால் இரண்டு உயிர் போகும். நீச்சல் தெரியாதவர் குதிக்காமல் கயிறோ, சேலையோ, மூடிய காலிக் கேனோ வீச வேண்டும். போட்டிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, நாமும் நம் பிள்ளைகளும் நீந்தக் கற்றே ஆக வேண்டும்.

"நேரம் எங்கே இருக்கு?" என்பதுதான் உண்மையான கேள்வி. விடியலில் எழுந்து ராத்திரி வரை வீட்டுக்கு உழைக்கிற நமக்கு, நம் உடம்புக்கென்று அரை மணி நேரம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தனியாகக் கேட்டால் கிடைக்காது, குழுவாகக் கேட்போம். ஐந்து பேர் சேர்ந்தால், நாளுக்கு ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்ற நால்வரும் போகலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் விருப்பமுள்ளவர்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள். பெயர்கள் வந்ததும் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் கேட்டு விண்ணப்பிப்போம்.