எல்லையை மக்களிடம் கேளுங்கள்

புவித் தகவலியலில் பட்டம் பெறும் அன்புச் செல்வங்களே!

1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். இன்று அந்தச் சங்கிலியின் வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. நிலத்தை அளப்பதில் நாம் தேர்ந்துவிட்டோம். மக்கள் மனத்தில் இருக்கும் இடத்தைக் கணினியில் ஏற்றும் வேலைதான் அரைகுறையாக நிற்கிறது. அது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.

சென்னை பாரிமுனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தில் ஜார்ஜ் டவுன், பேருந்துப் பலகையில் பிராட்வே, ஊர்ப்பேச்சில் பாரிமுனை. பாரி கட்டடம் நிற்கும் சந்திப்பு பாரிமுனைதான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் பூக்கடை நோக்கி நடந்தால், பாரிமுனை எங்கே முடிகிறது? கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். நம் மென்பொருளோ ஒரே பலகோணத்தைக் கேட்கிறது. ஒரு புள்ளி அதற்கு உள்ளேயா, வெளியேயா என்று மட்டும் பார்க்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. டேனியல் மாண்டெல்லோ, மைக்கேல் குட்சைல்ட் உள்ளிட்டோர் 2003-ல் வெளியிட்ட ஆய்வுக்காக, கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் தெருவில் போனவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்து, ‘டவுன்டவுன்’ எதுவரை என்று வரையச் சொன்னார்கள். முழு நிச்சயமான பகுதியைத் தனியாகவும், பாதி நிச்சயமான பகுதியைத் தனியாகவும் கேட்டார்கள். இப்படித் திரட்டிய கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நகரைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை பேர் சேர்த்தார்கள் என்று கணக்கிடலாம். அதை மொத்தப் பேரின் எண்ணிக்கையால் வகுத்தால், பூஜ்யம் முதல் ஒன்று வரை ஒரு மதிப்பு கிடைக்கும். நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மங்கும் இடத்தை அப்படியே பதிவு செய்ய முடியும். அதற்கான கணிதத்தை லோட்ஃபி ஸாடே 1965-லேயே ஃபஸ்ஸி கணக் கோட்பாடாகத் தந்துவிட்டார்.

இது ஏட்டுக் கல்வி மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. 108 ஆம்புலன்ஸை அழைப்பவர் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்வதில்லை. “மாரியம்மன் கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாடி” என்றுதான் பதறுவார். அந்தக் கோயிலும் தொட்டியும் தரவுத்தளத்தில் இல்லாவிட்டால் வண்டி தெருத்தெருவாக அலையும். பட்டா இல்லாத குடியிருப்பின் பெயர் வரைபடத்தில் ஏறாவிட்டால், அங்கே வாழ்பவர்களின் குரலும் ஏறாது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. ஓர் இடத்துக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் பதியுங்கள்; யார், எப்போது சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே பதியுங்கள். மக்களுக்கே உறுதியில்லாத எல்லையை நீங்கள் உறுதியாக்கிவிடாதீர்கள். எந்த ஊரின் வரைபடம் உங்கள் கைக்கு வந்தாலும், முதலில் அந்த ஊர் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்று கேளுங்கள். பிறகு கோடு போடுங்கள்.