தேனீயும் குளவியும் கொட்டினால்
(இராஜகீழ்ப்பாக்கத்தில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இலக்கணம் போதிப்பவன் வைத்தியம் பேச முன்வந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். சென்ற கோடையில் என் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றே என்னைப் பேசத் தூண்டிற்று. நம்மூர் ஏரிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த என் தங்கையின் மகனை ஒரு தேனீ புறங்கையிற் கொட்டிற்று. அழுதுவந்த குழந்தையைச் சூழ்ந்துகொண்டு, சுண்ணாம்பென்றார் ஒருவர், வெங்காயமென்றார் மற்றொருவர், புளியென்றாள் என் அத்தை. நானோ வெற்றிலைப்பெட்டியைத் தேடி வீடெங்கும் அலைந்து, சுண்ணாம்பைக் கொணர்ந்து தடவினேன். கால்மணி நேரத்திற்குப் பின் அடுத்த வீட்டு அம்மையார் வந்து பார்த்தார். கொடுக்கு அப்படியே கையில் நின்றது!

பாம்பு கடிக்கும், தேனீ கொட்டும் என வேறுபடுத்துவது நம் வழக்கு. வாயன்று, வாலிலுள்ள கொடுக்கே அதன் கருவி. அக்கொடுக்கிலே தூண்டில்முட் போன்ற பின்வளைந்த முட்கள் உண்டு. ஆதலின் அது தோலிற் சிக்கி, நஞ்சுப்பையோடு அறுந்து தங்கிவிடும், தேனீ மடியும். அறுந்த பின்னும் அப்பை தானே இயங்கி நஞ்சை உட்செலுத்தும். அரை நிமிஷத்திற்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். கிள்ளினால் பை பிதுங்கும், வழித்தே எடுத்தல் வேண்டுமென்பர் பலர். 1996-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தேனீயைக் கொட்டச்செய்து சோதித்து, எடுக்கும் முறையாற் பேதமில்லை, தாமதமே வீக்கத்தைப் பெருக்குமென்று வெளியிட்டனர். ஆகவே நகமோ விரலோ, எது முந்துகிறதோ அதனால் உடனே களைக.

குளவியும் கதண்டும் கொடுக்கை இழப்பதில்லை. மீண்டும் மீண்டும் கொட்டும். ஆங்கு ஓடி விலகுதலே முதல் வைத்தியம்.

பின்னர்ச் சவுக்காரமிட்டுக் கழுவி, துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிஷம் வைக்கலாம். மோதிரம், வளையல்களை வீக்கத்திற்கு முன்பே கழற்றுக. சுண்ணாம்போ உள்ளிறங்கிய நஞ்சை எட்டாது; மென்தோலைப் புண்ணாக்கும். என் பாட்டியாரின் கைராசியை நான் பழிக்கவில்லை. தானே தணியும் வலிக்குச் சுண்ணாம்பு பெயர் பெற்றது, அவ்வளவே.

தாய்மார்கள் இதனைக் கூர்ந்து கேட்கவேண்டும். சிலர்க்கு ஒரே கொட்டிலும் உடம்பெங்கும் தடித்து, உதடும் நாவும் வீங்கி, மூச்சுத் திணறி, மயக்கம் வரும். அந்நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசியொன்றே. வீட்டு மருந்தில் ஒரு கணமும் கழியாது 108-க்கு டெலிபோன் செய்து, நடக்கவிடாமற் படுக்கவைக்க. மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடுக. வாயினுள்ளோ தொண்டையிலோ கொட்டினும், பல தேனீக்கள் ஒருங்கே கொட்டினும் ஆஸ்பத்திரியே புகல்.

எங்கள் குழந்தைக்கு அத்தகைய தீங்கொன்றும் நேரவில்லை. வீக்கம் மூன்று நாளில் வற்றிற்று. நான் தடவிய சுண்ணாம்பின் தழும்பு மட்டும் புறங்கையில் இன்னும் மாறவில்லை.