கிராம சபையிலும் படிக்கச் சொல்வோம்



நம்ம தமிழ்நாட்டில் முன்பு கிராம சபை வருஷத்துக்கு நாலு முறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் அரசு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கியது. நாள் கூடியாச்சு. நம்ம குரலும் கூடணும் இல்லையா?

குழுக் கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்த பிறகுதானே கையெழுத்துப் போடுகிறோம்? கிராம சபையிலும் அதே வழக்கம் வேணும். வருகைக் கையெழுத்து மட்டும் போதாது. குடிதண்ணீரோ, தெருவிளக்கோ, தீர்மானத்தில் ஏறாத கோரிக்கை காத்தோடு போயிடும்.

ஆகவே கடைசிவரை உட்காருவோம். நம் கோரிக்கையை எழுதச் சொல்வோம். எழுதியதை வாசிக்கச் சொல்வோம். அப்புறம்தான் வீட்டுக்குக் கிளம்புவோம்.