பயிற்சிக் கூடத்தில் ஒரு மொழிப்பாடம்



முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர் முகம் பார்த்துப் பேசியே பழகியவன் நான். இன்று முகம் தெரியாத ஒரு வகுப்பில் பேசுகிறேன். நீங்கள் கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. அது உங்களுக்கு ஒரு வசதி.

நான் பேச எடுத்துக்கொண்டது ஜப்பானியச் சொற்களைப் பற்றி. செஞ்சிப் பகுதியைச் சேர்ந்த தொண்டூரில் பிறந்து, அவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு கிழவனுக்கும் ஜப்பானிய மொழிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு என் பெயர்த்தி வழியாக வந்தது. அவள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். ஓராண்டாக ஐக்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயின்று வருகிறாள். நம் பக்கத்தில் ஆரோவில்லிலும், சென்னையிலும் இக்கலை பயிலப்படுகிறது.

ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் முகம் வாடியிருந்தாள். காரணம் கேட்டேன். பயிற்சியில் முதற்படித் தேர்வு நடந்ததாம். ஆசிரியர் பாடத்தின் பெயரை ஜப்பானிய மொழியில் உரக்கச் சொல்வார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மாணவர் அதைச் செய்து காட்ட வேண்டும். இவளுக்கு எல்லாப் பாடமும் கை வந்திருந்தது. ஆனால் பெயர் சொல்லப்பட்டதும் திகைத்து நின்றிருக்கிறாள். ஒன்றைச் சொன்னால் வேறொன்றைச் செய்திருக்கிறாள். “கை கால் தெரிகிறது தாத்தா, பேர்தான் தெரியவில்லை, இதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதில் நாற்பது சொற்கள், தமிழெழுத்தில், எதிரே ஒரு பொருளும் இல்லாமல். முப்பது முறை எழுதிப் பார்த்ததாகச் சொன்னாள்.

அந்தத் தாளைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று பிறகு சொல்லுகிறேன்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டவர் அவர். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டதாகக் கண்டார். பொருள் தெரியாத நாற்பது ஜப்பானியச் சொற்கள் என் பெயர்த்திக்கு அந்த அசைகளைப் போன்றவையே. மறந்ததில் வியப்பில்லை, முப்பது முறை எழுதிய அவள் பொறுமைதான் வியப்பு. ஆதலால் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம் என்று இருவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். அகராதியும் அவள் கைப்பேசியும் துணை செய்தன.

முதலில் கலையின் பெயரையே எடுத்தோம். ‘அய்’ என்பது இணைதல். ‘கி’ என்பது உயிர்மூச்சு, உள்ளாற்றல். ‘டோ’ என்பது வழி. எதிரியின் ஆற்றலோடு மோதாமல், அதனோடு இணைந்து அதைத் திருப்பிவிடும் வழி. இதை வகுத்தவர் மொரிஹெய் உயெஷிபா (1883–1969). தனபெ என்னும் ஊரில் பிறந்தவர். 1915இல் ஹொக்கைடோ தீவில் ஸொக்காகு தக்கேதா என்ற ஆசானைக் கண்டு பழைய ஜுஜுத்ஸு வித்தையைக் கற்று, பிற்காலத்தில் அதைத் தம் நோக்கத்துக்கேற்ப மாற்றியமைத்தார். 1942 முதல்தான் ஐக்கிடோ என்ற பெயர் முறையாக வழங்குகிறது. கிழக்காசியச் சண்டைக் கலை எதைக் கண்டாலும் காஞ்சிபுரத்துப் போதிதர்மரிடம் கொண்டுபோய் முடிச்சுப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இக்கலைக்கு அந்த முடிச்சு தேவையில்லை. அதன் வரலாறு கண்ணுக்குத் தெரிந்தே கிடக்கிறது.

அடுத்து வந்த சொல்லில் நான் சற்று நின்றுவிட்டேன். பயிற்சி நடக்கும் இடத்துக்கு ‘டோஜோ’ என்று பெயர். ‘டோ’ வழி, ‘ஜோ’ இடம். இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் இதன் பழம்பொருள் வேறு. புத்தர் ஞானம் பெற்ற இடத்தை வடமொழியில் போதிமண்டம் என்பர். அதைச் சீனத்துப் பௌத்தர்கள் தம் மொழியில் பெயர்த்தபோது ஆக்கிய சொல்லே ஜப்பானுக்குப் போய் டோஜோ ஆயிற்று. ஞானம் பெற்ற மரத்தடி, பிறகு துறவிகள் தவம் பயிலும் கூடம், பிறகு வாட்பயிற்சிக் கூடம் என்று அச்சொல் நடந்து வந்திருக்கிறது.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தொண்டூர்க் குன்றில் சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பார்சுவநாதர் உருவமும் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில் பாறையொன்றில் திருமால் பாம்பணை மேல் கிடந்த கோலத்தில் காட்சி தருகிறார். ‘பள்ளி’ என்றால் படுக்கை. ஆகவே அவர் பள்ளிகொண்ட பெருமாள். படுக்கை அமைந்த முனிவர் உறைவிடமும் பள்ளி. அம்முனிவர்களிடம் பிள்ளைகள் சென்று எழுத்துக் கற்றதால் கற்கும் இடமும் பள்ளி. நான் ஆயுள் முழுதும் மணியடித்துத் திறந்து மூடிய இடத்தின் பெயர் எங்கள் ஊர்க் குன்றிலேயே கல்லாய்க் கிடக்கிறது. துறவியின் இருப்பிடத்திலிருந்து மாணவரின் இருப்பிடத்துக்கு வந்த சொற்கள் இரண்டு, ஒன்று நம்முடையது, ஒன்று அவர்களுடையது. இதைச் சொன்னதும் என் பெயர்த்தி, “அப்படியானால் டோஜோ மறக்காது தாத்தா” என்றாள். நாற்பதில் ஒன்று குறைந்தது.

பிறகு பாடங்களின் பெயர்கள். அவற்றில் பெரும்பாலானவை கூட்டுச் சொற்கள். ‘கத்தத்தெ’ என்பது ஒரு கை; ‘தோரி’ என்பது பிடித்தல்; கத்தத்தெதோரி என்றால் ஒரு கையைப் பிடித்தல். ‘கொத்தெ’ என்பது முன்கை. ‘கயேஷி’ என்பது திருப்புதல். சேர்த்தால் முன்கைத் திருப்பு. ‘ஷி’ நான்கு, ‘ஹோ’ திசை, ‘நகெ’ எறிதல். ஷிஹோநகெ நாற்றிசை எறிதல். ‘தென்’ விண், ‘ச்சி’ மண். ஒரு கை விண்ணை நோக்கியும் ஒரு கை மண்ணை நோக்கியும் சென்று எதிரியைச் சாய்ப்பது விண்மண் எறிதல். பெயரைப் பிரித்தால் போதும், செய்முறை முழுவதும் அதிலேயே இருக்கிறது! இதை அவளுக்கு யாரும் சொல்லாமல் விட்டார்களோ, சொன்னபோது இவள் கவனிக்காமல் விட்டாளோ, நான் கேட்கவில்லை.

இலக்கணம் படித்த மாணவர்களுக்கு ஒரு விருந்து சொல்லுகிறேன். பிடித்தல் என்பதற்கு ஜப்பானியர் தனியே சொல்லும்போது வல்லோசையோடு தொடங்குவர். நாம் ‘தோரணம்’ என்பதில் ஒலிக்கிற தகரம். அது மற்றொரு சொல்லின் பின்னே சேர்ந்ததும் மெலிந்து, ‘பாதை’ என்பதில் வரும் தகரம்போல் ஆகிவிடுகிறது. கயேஷியின் ககரமும் அப்படியே, ‘கடல்’ என்பதன் ககரமாயிருந்தது ‘அகல்’ என்பதன் ககரமாகிறது. எல்லாச் சேர்க்கையிலும் இது நிகழாது. ஆனால் மிகப் பலவற்றில் நிகழும். ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பவர்கள் இரண்டையும் இரண்டு எழுத்தாகக் கண்டு குழம்புகிறார்கள். தமிழனுக்கோ எழுத்தும் ஒன்று. இடத்துக்கேற்ப ஒலியை மாற்றிக்கொள்வதும் நாவுக்குப் பிறவிப் பழக்கம். ‘இச்சி’ என்பது ஒன்று, ‘கியோ’ என்பது பாடம். முதற்பாடம் ‘இச்சிகியோ’ ஆகவில்லை. ஈறு கெட்டு, ஒற்று மிக்கு, ‘இக்கியோ’ ஆகிறது. மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆன கதைதான். இரண்டு முதல் ஐந்து வரையுள்ள பாடங்கள் நி, ஸான், யோன், கோ என்னும் எண்களோடு அதே கியோவைச் சேர்த்தவை. நாற்றிசைக்கு ‘ஷி’ என்றவர்கள் நான்காம் பாடத்துக்கு ஏன் ‘யோன்’ என்கிறார்கள் என்று என் பெயர்த்தி மடக்கினாள். ஷி சீனத்திலிருந்து வந்த எண். யோன் அவர்கள் சொந்த எண். ஷி என்பதற்குச் சாவு என்றும் பொருள்படுவதால் பல இடங்களில் அதைத் தவிர்ப்பார்களாம். நம் வீடுகளிலும் எட்டாம் எண்ணை விட்டு விலகுகிறவர்கள் உண்டல்லவா?

இவ்வளவு ஒற்றுமையைக் கேட்டதும், தமிழும் ஜப்பானியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று உங்களில் சிலர் முடிவு கட்டியிருப்பீர்கள். ஸுஸுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானியப் பேரறிஞர் அவ்வாறே கருதி, தமிழ் கற்று, பல நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும், உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுவதும் இரண்டு மொழிக்கும் பொது. அது உறவில்லாத மொழிகளுக்கும் வாய்க்கலாம். எறிதலைக் குறிக்கும் ‘நகெ’ நம் நகைபோல ஒலிக்கிறதே என்று என் பெயர்த்தி சிரித்தாள். சிரித்துக்கொள்ளலாம், நினைவில் வைக்க அது நல்ல கொக்கி. சான்று என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்றேன்.

பொருள் தெரிந்துவிட்டது, இனிச் சொல் நிற்கும் என்று எண்ணினேன். மறுநாள் கேட்டேன். பாதிதான் நின்றிருந்தது. அப்போதுதான் 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. குனிஹிரா என்பவரும் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாரும் கல்லூரி மாணவருக்கு ஜப்பானிய மொழியைக் கற்பித்துப் பார்த்தார்கள். எழு, நட, திரும்பு என்று ஜப்பானிய மொழியில் ஆணையிடுவது, கேட்டவுடன் மாணவர் எழுந்து நடந்து திரும்புவது, இதுவே பாடம். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களை விட, உடம்பை அசைத்துக் கற்றவர்களுக்குச் சொற்கள் நன்றாக நின்றன. நாங்களும் திண்ணையை விட்டு முற்றத்தில் இறங்கினோம். நான் சொல்ல வேண்டும்; அவள் செய்ய வேண்டும். பிறகு அவள் சொல்ல, நான் என் வயதுக்கு இயன்ற அளவு கையைத் திருப்ப வேண்டும். தெருவில் போனவர்கள் தலைமையாசிரியருக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள். மூன்று நாளில் முப்பத்தாறு சொல் நின்றது.

அந்தத் தாளைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றதன் காரணத்தை இப்போது சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில், எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தகப்பனாரிடம் சிலம்பம் பழகியவன். ஆங்கிலச் சொற்கள் நாற்பதைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி ஒப்பிக்கச் சொல்வேன். பொருள் சொல்ல எனக்கு நேரமில்லை. பாடத்திட்டம் முடிய வேண்டும். அவன் ஒப்பிக்கமாட்டான். முப்பது முறை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தான், ஆனாலும் வரவில்லை. கை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடித்தேன். ஒரு நாள் வகுப்பின் முன்னால், “உன் தலையில் கம்புதான் இருக்கிறது” என்று சொன்னேன். பையன்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவன் வரவில்லை. நான் அழைத்து வரப் போகவும் இல்லை. ஆசிரியப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவன் நான். எபிங்ஹாஸைப் பற்றி இரண்டு பக்கம் விடை எழுதியவன்.

பல ஆண்டு கழித்து ஒரு கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்தேன். இப்போது சிலம்ப வாத்தியார். இருபது பிள்ளைகள் வரிசையாக நிற்க, சலாம்வரிசை தொடங்கி ஒவ்வொரு காலடியின், ஒவ்வொரு வீச்சின் பெயரையும் சொல்லிக்கொண்டே போனார். ஒரு தாள் கிடையாது. பெயர் வாயிலிருந்து வரும். பிள்ளைகளின் கால் அதை வாங்கிக்கொள்ளும். சலாம் அரபுச் சொல் என்றோ, நாம் சொல்லும் குஸ்தி பாரசீகம் என்றோ, கவாத்தும் அரபிலிருந்து வந்ததென்றோ அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அயற்சொல் என்ற தயக்கமே அங்கு இல்லை. என்னைக் கண்டதும் கம்பைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, வாங்க” என்று கைகூப்பினார். நான் சொல்ல வேண்டியதை அன்றைக்குச் சொல்லவில்லை.

பெயர்த்தியை அழைத்துக்கொண்டு, இந்த விடுமுறையில் அவரிடம் போனேன். பிரம்பைப் பற்றியும் அந்தச் சொல்லைப் பற்றியும் பேசினேன். அவர் சிறிது நேரம் கம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “அடி மறந்துபோச்சு ஐயா. பசங்க சிரிச்சது மறக்கல” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெயர்த்திதான், தன் வித்தையைப் பார்க்கிறீர்களா மாமா என்று கேட்டு, மணலில் விழுந்து உருண்டு எழுந்து காட்டினாள். அடிபடாமல் விழும் முறை அது. அவர் கண்கள் விரிந்தன. “இதுக்கு என்ன பேரும்மா?” என்றார். “உக்கெமி” என்றாள். ‘உக்கெ’ என்பது ஏற்றல், ‘மி’ என்பது உடம்பு. விழுவதன்று, உடம்பால் ஏற்றுக்கொள்வது என்று நான் பொருள் சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவ்வழியே போனேன். கம்பு பட்டுத் தடுமாறிய ஒரு சிறுவனைப் பார்த்து அவர் கத்திக்கொண்டிருந்தார்: “கையை ஊணாதேடா, உக்கெமி போடு, உக்கெமி!” ககரம் வல்லோசையாக, மிகச் சரியாக இருந்தது.