வென்று தந்தவரும் விடைகொடுத்த கழகமும்

உழைத்தவருக்கு நன்றி காட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், அந்த நன்றியைப் பதவியின் வடிவிலேதான் காட்ட வேண்டுமா என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. இங்கிலாந்தின் கால்பந்து உலகத்தில் இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. அங்கே ஒவ்வொரு கழகத்துக்கும் மானேஜர் ஒருவர் இருக்கிறார். ஆட்டக்காரர்களைப் பழக்குவதும், களத்தில் இறங்கும் 11 பேரைத் தேர்ந்தெடுப்பதும், ஆட்டத்தின் போக்கை வகுப்பதும் அவர் பொறுப்பு. அணி வென்றால் அவருக்கு மாலை. தோற்றால் அவர் தலைதான் முதலில் உருளும்.

லெஸ்டர் சிட்டி கழகத்தின் வரலாற்றைப் பாருங்கள். 2015ஆம் ஆண்டில் கிளாடியோ ரானியேரி என்ற இத்தாலியர் அதன் மானேஜரானார். அதற்கு முந்தைய பருவத்தில் அக்கழகம் தலைப்பிரிவிலிருந்து கீழிறங்காமல் தப்பியதே பெரும்பாடு. அது முதலிடம் பெற்றால் ஒன்றுக்கு 5,000 தருவதாகப் பந்தயக்காரர்கள் கூறினர். அத்தகைய அணி, 38 ஆட்டங்களில் 3 ஆட்டங்களில் மட்டுமே தோற்று, 2016 மே மாதம் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. 1884இல் தோன்றிய கழகம் அதுவரை கண்டிராத சிறப்பு அது.

பத்து மாதம் நிறைவதற்குள், 2017 பிப்ரவரி 23ஆம் நாள், ரானியேரி விலக்கப்பட்டார். அப்போது அணி 17ஆம் இடத்தில் இருந்தது. கடைசி மூன்று இடங்களில் நிற்கும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்த அபாயத்துக்கும் லெஸ்டருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு புள்ளி. புத்தாண்டு பிறந்த பின் லீக் ஆட்டங்களில் அணி ஒரு கோல் கூடப் போடவில்லை.

நன்றிகெட்ட செயல் என்று பலர் கொதித்தனர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. நடுக்களத்தின் தூணாக விளங்கிய காண்டே, 2016 கோடையிலேயே செல்சீ கழகத்துக்குப் போய்விட்டார். அவர் இல்லாத குறைக்கு மானேஜர் ஒருவரையே பொறுப்பாக்குவது முறையா? ஆடுகிறவர்கள் சோர்ந்தால் ஆட்டுவிப்பவர் மட்டும் என் செய்வார்?

கழகத்தின் நிலையையும் எண்ண வேண்டும். ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே அனுமதி உண்டு. பிப்ரவரியில் மாற்றக்கூடியவர் மானேஜர் ஒருவரே. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் வருமானம் பெரிதும் குறையும். அலுவலகத்திலும் மைதானத்திலும் பணிபுரியும் எளியவர்களின் பிழைப்பும் ஆட்டங்காணும். கழகம் அவர்களுக்கும் கடமைப்பட்டதே அன்றோ? ரானியேரிக்குப் பின் துணைவர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களிலும் அணி வென்றது. பருவ முடிவில் 12ஆம் இடம் பெற்றது.

அதே கழகம் மற்றொரு முறை பொறுத்தும் பார்த்தது. பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2021இல் அதற்கு முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்தவர். பின்னர் அணி தளர்ந்தபோது, 2023 ஏப்ரல் வரை அவரே நீடித்தார். அவர் விலகிய சில வாரங்களில் லெஸ்டர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. முன்னரே மாற்றியிருந்தால் தப்பியிருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் பொறுமையும் விலை கேட்கும் என்பது தெளிவு.

பொறுமைக்குச் சான்றாக மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனைக் காட்டுவதுண்டு. 1986இல் வந்த அவர், 1990இல்தான் அங்கே முதற்கோப்பையை வென்றார். 2013இல் ஓய்வு பெறுமுன் 13 லீக் பட்டங்கள் பெற்றுத் தந்தார். ஆனால் இச்சான்று நம் கேள்விக்கு முற்றும் பொருந்தாது. அக்கழகத்துக்கு அவர் எதையும் வென்று தராத காலத்தில் காட்டிய பொறுமை அது. வருங்காலத்தின் மீது வைத்த நம்பிக்கையே அன்றி, கடந்த காலத்துக்குச் செலுத்திய நன்றியன்று.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே முறை. பதவி நாளைய பணிக்கு உரியது. அதனை நேற்றைய வெற்றிக்குக் கூலியாகக் கொடுப்பது பொருந்தாது. ஆனால் நேற்றைய வெற்றிக்கும் ஒரு கடன் உண்டு. தளர்ச்சியின் காரணத்தை ஆராயாமல் விலக்கலாகாது. புதியவருக்குத் தரும் தவணையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரவேண்டும். ஒப்பந்தப் பணத்தைக் குறைவறக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உண்மை பேச வேண்டும். ரானியேரிக்குத் தளராத ஆதரவு உண்டு என்று லெஸ்டர் கழகம் அறிக்கை விட்டது 2017 பிப்ரவரி 7ஆம் நாள். பதினாறே நாட்களில் அவரை அனுப்பியது. என் கருத்தில், அவரை விலக்கியதைக் காட்டிலும் அந்தச் சொல் பொய்த்ததே பெரிய குறை.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகத்துக்கு 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தவர் பிரையன் கிளஃப். 1993இல் அவர் விடைபெற்ற பருவத்தில் அணி கடைசி இடத்துக்கு வீழ்ந்தது. ஆயினும் அந்நகரம் 2008இல் அவருக்குச் சிலை வைத்தது. பதவி போனபின்னும் நன்றி நிற்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. விடை கொடுப்பது சில வேளை தவிர்க்க இயலாத கடமை. அதனை மரியாதையோடு கொடுப்பது எவ்வேளையிலும் கடமை.