குரைக்கும் நாயும் பக்கத்து வீடும்

புனேயின் மகர்பட்டா, விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய நகரியம். இன்று அங்கே சுவரை ஒட்டிச் சுவராக அடுக்குமாடி வாழ்க்கை. பக்கத்து வீட்டு நாய் இரவெல்லாம் குரைத்தால், படிக்கட்டில் குழந்தைமீது பாய வந்தால் என்ன செய்வது? குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டு நாயை வெளியேற்றிவிடலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முடியாது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக்கூடாது என்கின்றன இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள்.

அப்படியானால் பயந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? இல்லவே இல்லை. நாயால் மனித உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரக்கூடும் என்ற நிலையில் அதை வளர்ப்பவர் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் அவர் பொறுப்பே. ஆனால் வெறும் குரைப்புக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. 'குரைப்பது நாயின் இயல்புதானே' என்பார்கள். உண்மைதான், ஆனால் மணிக்கணக்கான குரைப்புக்குப் பெரும்பாலும் தனிமையோ, பயமோ, போதிய நடை இல்லாததோ காரணம். அவை வளர்ப்பவர் கையில் இருப்பவை. அதனால் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று குறித்துவைத்து முதலில் அவரிடமே பேசுங்கள். பகலில் வேலைக்குப் போய்விடுபவருக்குத் தன் நாய் குரைப்பதே தெரியாமல் இருக்கலாம். பலனில்லையென்றால் அதே குறிப்போடு சங்கத்துக்கு எழுதுங்கள். பாய்ந்து மிரட்டும் நாயென்றால் காவல் நிலையத்துக்கும் போகலாம்.